சூப் கொழுக்கட்டைக் கடையில் நண்பர்களோடு: கேட்டதும் சொன்னதும்

(தைபேயின் தின் தாய் ஃபங் கடையையும், அது பேர் வாங்கிய சியாவ்லோங்பாவ் என்ற சூப் கொழுக்கட்டையையும் பற்றி வந்த கேள்விகள்.)

கே: ஆறு பேர் தைபே போகிறோம். எந்தக் கடை? எவ்வளவு காத்திருக்கணும்?

ப: ஷின்யீ சாலை. டோங்மென் மெட்ரோ, 5ஆம் வாசல். 1958இல் எண்ணெய்க் கடையாகத் தொடங்கி, 1972இல் கொழுக்கட்டைக்கு மாறிய இடம். பழைய கட்டடத்தில் இப்போது பார்சல் மட்டும்தான். உட்கார்ந்து சாப்பிட அதே சாலையில் எதிர்ப்பக்கம் சற்றுத் தள்ளி இருக்கும் கிளைக்குப் போங்கள். வாசலில் எண் சீட்டு தருவார்கள், எத்தனை பேர் என்பதைப் பார்த்து. பெரிய மேசை குறைவு என்பதால் ஆறு பேர் சேர்ந்தே உட்கார வேண்டும் என்றால் காத்திருப்பு நீளும். மூன்று மூன்றாகப் பிரிந்தால் சீக்கிரம் உள்ளே போகலாம். வார நாளில் மதியம் 3 மணிக்கு மேல் கூட்டம் குறையும். நிற்கும்போதே ஆர்டர் தாளில் குறித்து வைத்துவிடுங்கள்.

கே: எத்தனை கூடை சொல்வது?

ப: கூடைக்கு 10 அல்லது 5. மூவர் என்றால் 10+5, நால்வர் என்றால் இரண்டு பத்து. இரண்டுக்கும் ஆளுக்கு 5 சரியாக வரும். கடைசி ஒன்றை யார் எடுப்பது என்ற பஞ்சாயத்து இல்லை. ஆனால் மொத்தத்தையும் ஒரே நேரத்தில் வரவழைக்காதீர்கள். முதல் கூடை காலியாகும்போது அடுத்தது வருகிற மாதிரி இரண்டு தவணையாகச் சொல்லுங்கள்.

கே: சூப்பை ஊசியால் உள்ளே ஏற்றுவார்களா?

ப: இல்லை. பன்றித் தோலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேகவைத்தால் ஜெலட்டின் தண்ணீரில் இறங்கும். அதை வடிகட்டி ராத்திரி முழுக்கக் குளிரவைத்தால் கட்டியாக உறையும். பொடியாக நறுக்கிக் கொத்துக்கறியோடு பிசைவார்கள். ஆவியில் வைத்ததும் கட்டி உருகிச் சூப்பாகிவிடும். வீட்டில் செய்தால் 300 கிராம் கொத்துக்கறிக்கு 200 கிராம் கட்டி போதும். கட்டி கூடினால் பிடிக்கும்போதே மாவு நனைந்து கிழியும்.

கே: 18 மடிப்பு என்கிறார்களே, அலங்காரம்தானே?

ப: பாதி அலங்காரம். அந்தக் கடையில் மாவு 5 கிராம், உள்ளடக்கம் 16 கிராம், மொத்தம் 21. அப்பளம் மாதிரி உருட்டும்போது நடுவைச் சற்றே தடிமனாக விட்டு ஓரத்தை மெலிதாக்குவார்கள். மடிப்பெல்லாம் உச்சியில் ஒன்று சேருவதால், ஓரமும் தடியாக இருந்தால் அங்கே வேகாத மாவு உருண்டை நிற்கும். வீட்டில் 12 மடிப்பு வந்தாலே போதும், வாய் அடைபட்டால் சரி.

கே: எப்படிச் சாப்பிடுவது? நாக்கு வெந்துவிடும் என்கிறார்களே.

ப: சாப்ஸ்டிக்கால் வயிற்றில் பிடிக்காதீர்கள். உச்சி முடிச்சைப் பிடித்து, லேசாக ஆட்டித் தளர்த்தி, பீங்கான் கரண்டியில் இறக்குங்கள். பக்கத்தில் சின்னதாகக் கடித்து ஆவியை விடுங்கள், சூப்பை உறிஞ்சுங்கள், பிறகு மீதி. தொட்டுக்கொள்ள இஞ்சிக் கீற்று, மூன்று பங்கு வினிகர், ஒரு பங்கு சோயா.

மதுரையிலிருந்து: துளை போட்டு வடிப்பதற்குச் சூப் எதற்கு? முழுசாக வாயில் போட்டு உடைப்பதுதான் ருசி.

ப: ஆவியிலிருந்து இறங்கியதை அப்படிப் போட்டால் அன்றைக்கு வேறு எந்த ருசியும் தெரியாது.

சிங்கப்பூரிலிருந்து: மதுரைக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கு. கொஞ்சம் ஆறவிட்டு முழுசாகப் போடலாமே?

ப: ஆறினால் மாவு இறுகும், அடி கூடையோடு ஒட்டும், எடுக்கும்போது கிழியும், சூப் கூடைக்குப் போகும். கூடையில் ஆறவிடாதீர்கள், கரண்டிக்கு மாற்றி அரை நிமிடம் கொடுத்து, பிறகு முழுசாகப் போடுங்கள். இதில் மதுரையோடு சமாதானம். மேசையில் போன் எடுத்துப் படம் பிடிப்பவர்களோடு மட்டும் சமாதானம் இல்லை. கூடை வந்த இரண்டு நிமிடத்துக்குள் கை வைக்க வேண்டும்.

மதுரையிலிருந்து: ஒரே ஒரு படம்?

ப: மூடி திறக்கும்போது ஒன்று. ஒன்றுதான்.

கே: நண்பர் ஒருவர் சைவம். சூப் கொழுக்கட்டை கிடைக்குமா?

ப: காய்கறி, காளான் வைத்த கொழுக்கட்டை கிடைக்கும், உள்ளே சூப் இருக்காது. வீட்டில் அகர் அகர் வைத்துப் பார்க்கலாம், ஆனால் அது உருக 85 பாகைக்கு மேல் வேண்டும், 40க்குக் கீழே வந்தால் மறுபடி உறையும். ஆறினால் வாயில் ஜெல்லி. புளிப்பு-காரச் சூப்பைப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். தைவானில் அதில் பன்றிக் கீற்றும், சில கடைகளில் வாத்து ரத்தக் கட்டியும் இருக்கும். முழுச் சைவம் வேண்டுமென்றால் 'சூ' (素, சைவம்) என்று பலகை வைத்த பௌத்த சைவக் கடைகளுக்குப் போங்கள். அங்கே வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது.

கே: சூப்பை ஊசி போட்டு நிரப்புவதாகச் சொல்கிறார்களே?

ப: மேலே மூன்றாவது கேள்வி.

கே: மோமோவும் இதுவும் ஒன்றுதானே?

ப: இல்லை.

கே: பார்சல் வாங்கி ஓட்டலில் சூடாக்கிச் சாப்பிடலாமா?

ப: சூப் ஆறிக் கட்டியாகிவிடும், அது பிரச்சினை இல்லை, மறுபடி உருகும். மாவுதான் காயும். மைக்ரோவேவ் வேண்டாம். ஆவியில், தாள் விரித்து, 3-4 நிமிடம். ஆவி வசதி இல்லாத ஓட்டல் என்றால் வறுத்த சோறு வாங்குங்கள்.

கே: சார், அந்த ஊசி விஷயம்...

ப: பன்றித் தோல். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ்.