இடது கையால் கிட்டார் வாசிக்கிறேன். டி-ஏ-டி-ஜி-ஏ-டி ட்யூனிங்கில் மோடுகளைப் பழகுவது எப்படி?

நானும் இடது கைக்காரன்தான். ஆறு வருடமாக என் கிட்டார் இந்த ட்யூனிங்கில்தான் இருக்கிறது. படங்கள் எல்லாம் வலது கைக்காரர்களுக்கு வரைந்தவை, மோடு (ஒரே ஸ்கேலை வெவ்வேறு சுரத்தில் தொடங்கினால் வரும் சுர வரிசை) பாடங்கள் எல்லாம் வழக்கமான ட்யூனிங்குக்கு எழுதியவை என்று கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். நானும் இதே இடத்தில் பல மாதம் நின்றேன்.

முதலில் கை விஷயம். டேப் (கோடுகளில் எண் எழுதிய கிட்டார் குறிப்பு) படிக்க எதையும் திருப்ப வேண்டாம். மேல் கோடு மெல்லிய தந்தி, எண் என்பது ஃப்ரெட், அதாவது கழுத்தில் விரல் வைக்கும் கட்டம். எந்தக் கைக்கும் அது ஒன்றுதான். ஸ்கேல், கார்டு கட்டப் படங்களை மட்டும் போனில் எடுத்து இடவலமாகத் திருப்பிக்கொள்ளுங்கள். வலது கைக்காரர் எதிரில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் நமக்குக் கண்ணாடி பார்ப்பது போல இருக்கும். அது நமக்கு மட்டும் கிடைக்கிற வசதி.

கிட்டார் மட்டும் சரியானதாக இருக்க வேண்டும். என் முதல் கிட்டார் வலது கைக்கானது. கடையில் தந்திகளை மட்டும் தலைகீழாக மாற்றிப் போட்டுக் கொடுத்தார்கள். நட்டில் (கழுத்தின் மேல் முனையில் தந்திகள் உட்காரும் பட்டை) மெல்லிய தந்திக்கு வெட்டிய பள்ளத்தில் தடித்த தந்தி உட்காரவில்லை, தடித்ததன் பள்ளத்தில் மெல்லியது ஆடியது. சாடிலின் (உடல் பக்கம் தந்திகளைத் தாங்கும் பட்டை) சாய்வும் எதிர்ப்பக்கம் இருந்ததால் ஆறாவது தந்தி (தடித்தது) 12ஆம் ஃப்ரெட்டில் சுருதி ஏறியே ஒலித்தது. என் காதுதான் சரியில்லை என்று நினைத்து எவ்வளவோ நாள் வருத்தப்பட்டேன். முடிந்தால் இடது கைக்கென்றே செய்த கிட்டார் வாங்குங்கள். இல்லையென்றால் நட்டையும் சாடிலையும் மாற்றிவிடுங்கள்.

வழக்கமான ட்யூனிங்கிலிருந்து 6, 2, 1 ஆகிய மூன்று தந்திகளை இரண்டு ஃப்ரெட் அளவு இறக்கினால் இது வந்துவிடும். 10 கேஜ் (தந்தியின் தடிமன்) தந்தி தொளதொளவென்று ஆகிவிடும், 12 போடுங்கள். பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் டேவி கிரஹாம் 1960களின் தொடக்கத்தில் இந்த ட்யூனிங்கைக் கொண்டுவந்தார். மொராக்கோவில் ஊத் என்ற அரபுத் தந்தி வாத்தியத்தின் வாசிப்பைக் கேட்டதிலிருந்து பிறந்தது இது. டி-யை ஸட்ஜமமாக வைத்து, தடித்த தந்தியிலிருந்து பாருங்கள்: ஸ, ப, ஸ, ம, ப, ஸ. தம்புராவின் பஞ்சமமும் ஸட்ஜமமும், நடுவில் ஒரு மத்யமம். அவ்வளவுதான்.

இனி மோடுகள். சி மேஜர் ஸ்கேலை டி-யில் தொடங்கினால் டோரியன் என்றுதான் பாடங்கள் ஆரம்பிக்கும். நம் கர்நாடக இசையின் கிரகபேதம்தான் (ஸட்ஜமத்தை வேறு சுரத்துக்கு மாற்றுவது) அது, தவறில்லை. ஆனால் விரலுக்கு அதனால் பயனில்லை. ஸட்ஜமத்தை டி-யிலேயே நிறுத்தி, சுரத்தை மட்டும் மாற்றுங்கள்.

நான்காவது தந்தியில் 0 (விரல் வைக்காத தந்தி), 2, 4. மூன்றாவதில் 0. இரண்டாவதில் 0, 2, 4. முதல் தந்தியில் 0. இது அயோனியன், அதாவது சங்கராபரணத்தின் சுரங்கள். பூர்வாங்கமும் (ஸ முதல் ம வரை) உத்தராங்கமும் (ப முதல் மேல் ஸ வரை) ஒரே வடிவத்தில் இரண்டு தந்திகளில் உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். எனக்கு இது பிடிபட்ட அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

இப்போது இரண்டாவது தந்தியின் 4-ஐ 3 ஆக்குங்கள். நிஷாதம் இறங்கி மிக்ஸோலிடியன் வந்துவிட்டது, ஹரிகாம்போஜி. அப்புறம் நான்காவது தந்தியின் 4-ஐ 3 ஆக்கினால் காந்தாரம் இறங்கி டோரியன், கரகரப்ரியா. மறுபடி இரண்டாவது தந்தி: 2-ஐ 1 ஆக்கினால் தைவதம் இறங்கி ஏயோலியன், நடபைரவி. கடைசியாக நான்காவது தந்தியின் 2-ஐ 1 ஆக்கினால் ரிஷபம் இறங்கி ஃப்ரிஜியன், தோடி. ஒவ்வொரு முறையும் ஒரு விரல் ஒரு ஃப்ரெட் இறங்கும், தந்தி மட்டும் மாறி மாறி. இடது கை, வலது கை என்ற பேச்சே இதில் இல்லை. படமும் தேவைப்படாது.

ராகப் பெயர்களைச் சுர வரிசைக்கு அடையாளமாகத்தான் சொல்கிறேன். கமகம் (சுரத்தை அசைத்து வாசிப்பது) இல்லாமல் வாசித்தால் அது தோடி ஆகாது.

ஒரு மோடுக்கு ஒரு வாரம் கொடுங்கள். ஆறாவது தந்தியைக் கட்டைவிரலால் தட்டி ஒலிக்க விட்டுக்கொண்டு, நான்கு சுரம் ஏறி, நான்கு சுரம் இறங்கி, வாயாலும் பாடிக்கொண்டே வாசியுங்கள். பாடாமல் வாசித்த காலத்தில் எனக்கு விரல் மட்டும்தான் பழகியது.

லிடியனுக்கு அயோனியனில் மூன்றாவது தந்தியை 1ஆம் ஃப்ரெட்டில் பிடித்தால் போதும், கல்யாணி வந்துவிடும். ஆனால் விரலை எடுத்தவுடன் சுத்த மத்யமம் ஒலித்துக் கெடுக்கும், அதனால் அந்த விரல் அங்கேயே இருக்கட்டும். லோக்ரியனைக் கடைசிக்கு வையுங்கள். சுத்தமான பஞ்சமம் இல்லாத அதற்குக் கர்நாடக இசையின் 72 தாய் ராகங்களான மேளகர்த்தாவிலும் இடமில்லை. இங்கே இரண்டு ஏ தந்திகளையும் ஒலிக்காமல் அமுக்கிக்கொண்டே வாசிக்க வேண்டியிருக்கும்.