வாசகர் கேள்வி – பதில்: பிரேசிலில் பிறந்து வெளிநாட்டில் ஆடுவது

16 வயதிலேயே ஐரோப்பிய கிளப் வாங்கிவிட்டதாகச் செய்தி வருகிறது. ஆனால் பையன் இரண்டு வருடம் பிரேசிலிலேயே ஆடுகிறான். ஏன் இந்த இழுபறி?

இழுபறி இல்லை, விதி. ஃபிஃபாவின் டிரான்ஸ்ஃபர் விதிமுறையில் 19-ம் பிரிவு, 18 வயது நிரம்பாதவரை நாடு விட்டு நாடு மாற்றிப் பதிவு செய்யக் கூடாது என்கிறது. விலக்குகள் உண்டு, ஆனால் குறுகலானவை: கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காகப் பெற்றோர் இடம்பெயர்வது, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 வயதுக்கு மேல் மாறுவது, எல்லையோர ஊர்கள் போன்றவை. பெற்றோருக்கு ஒரு வேலையை உருவாக்கிக் கொடுத்து இந்த வேலியைத் தாண்டப் பார்த்த கிளப்கள் உண்டு. பிடிபட்டால் வலிக்கும். சிறார் பதிவு விவகாரத்தில் பார்சிலோனா 2015-ன் இரண்டு டிரான்ஸ்ஃபர் காலங்களிலும் (வீரர்கள் கிளப் மாற அனுமதி உள்ள காலம்) புதிய வீரரைப் பதிவு செய்ய முடியாமல் நின்றது.

அதனால் கிளப்கள் இப்போது பணத்தை முதலிலும் ஆளைப் பிறகும் அனுப்பிக்கொள்கின்றன. வினிசியஸ் ஜூனியர் 2017 மே மாதம் ஃப்ளமெங்கோ சீனியர் அணியில் அறிமுகமானார். அதே மாதம் ரியல் மாட்ரிட் 4.5 கோடி யூரோவுக்குப் பேசி முடித்தது. அவர் மாட்ரிட் போனது 2018 ஜூலையில், 18 முடிந்த பிறகு. மாட்ரிட் வாங்கிய இன்னொரு பிரேசில் இளைஞர் எண்ட்ரிக் விஷயத்தில் 2022 டிசம்பரில் ஒப்பந்தம், 2024 ஜூலையில் பயணம்.

இந்த இடைவெளியில்தான் சிக்கல் முளைக்கும். வாங்கச் சொன்ன பயிற்சியாளர் போய்விடுவார். அதே இடத்துக்கு வேறொரு நட்சத்திரம் வந்துவிடுவார். எண்ட்ரிக்குக்குப் பேசும்போது பிரான்ஸ் நட்சத்திரம் எம்பாப்பே மாட்ரிட்டில் இல்லை. இவர் போய் இறங்கிய அதே கோடையில் அவரும் வந்துவிட்டார்.

ரியல் மாட்ரிட்டின் பிரேசில் வீரர்கள் ஸ்பெயின் குடியுரிமை வாங்குவது ஏன்? பிரேசிலுக்கு ஆடத் தடையாகாதா?

ஆகாது. இது வேலைக்கான காகிதம், அவ்வளவுதான். ஸ்பானிஷ் லீக்கில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு மூன்று இடம் என்ற கட்டுப்பாடு இருக்கிறது. ஒரு பிரேசில் வீரர் ஸ்பெயின் குடிமகனானால் அந்த இடம் காலியாகிறது; கிளப் இன்னொரு வெளிநாட்டவரைக் கொண்டுவரலாம். ஆகவே கிளப்பே வக்கீல் வைத்து இந்த வேலையைப் பார்க்கும்.

ஸ்பெயினில் பொதுவாகப் பத்து வருட வாசம் தேவை. லத்தீன் அமெரிக்க நாட்டவருக்குச் சட்டபூர்வமான இரண்டு வருடம் போதும். பிரேசிலும் இதில் சேர்த்தி. தாய்மொழி போர்ச்சுகீஸ் என்பதால் ஏ2 எனப்படும் அடிப்படை நிலை ஸ்பானிஷ் தேர்வு எழுத வேண்டும், கூடவே அரசியல் சாசனம், சமூகம் பற்றிய ஒரு தேர்வு. பிறகு கோப்பு நகரக் காத்திருக்க வேண்டும். 2018-ல் போன வினிசியஸுக்கு 2022-ல்தான் கிடைத்தது.

இத்தாலிய வம்சாவளி என்று சொல்லி பாஸ்போர்ட் வாங்குவது தென் பிரேசில் வீரர்களின் பழைய வழி. 2025 மார்ச்சில் இத்தாலி அதை இறுக்கிவிட்டது: பெற்றோர் அல்லது தாத்தா பாட்டி வரைதான் செல்லும். கொள்ளுத்தாத்தாவின் பிறப்புச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக விண்ணப்பிக்க இனி வழியில்லை.

முதல் வெளிநாட்டு கிளப் பெரியதாக இருப்பது நல்லதா, சிறியதா?

ஆட இடம் கிடைக்கும் கிளப்தான் நல்லது. பெயரைப் பார்த்துப் போனவர்களைவிட, நிமிடங்களைப் பார்த்துப் போனவர்களே தேறியிருக்கிறார்கள்.

ரஃபீன்யாவைப் பாருங்கள். பிரேசிலின் முதல் டிவிஷனில் ஆடாமலே 2016-ல் அவாய் கிளப்பிலிருந்து போர்ச்சுகலின் விட்டோரியா கிமரேஷுக்குப் போனார். பிறகு ஸ்போர்ட்டிங், ரென், லீட்ஸ், 2022-ல் பார்சிலோனா. படிப்படியாகத்தான் ஏறினார். பிரேசில் அணிக்கு முதல் ஆட்டம் 24 வயதில். ஃபிர்மினோ ஃபிகெய்ரென்ஸிலிருந்து 2011-ல் ஹோஃபன்ஹைம் போய் நான்கரை வருடம் ஆடிவிட்டுத்தான் லிவர்பூல் வந்தார்.

எதிர்ப் பக்கத்தில் விட்டோர் ரோக்கி. அத்லெட்டிகோ பரனென்ஸிலிருந்து 2024 ஜனவரியில், சீசன் நடுவில், பார்சிலோனாவில் இறங்கினார். பயிற்சியாளர் சாவி அந்தக் கோடையிலேயே விடைபெற்றார். அரைகுறை ஆட்டங்கள், இன்னொரு ஸ்பெயின் கிளப்பான பெட்டிஸுக்கு லோன், 2025 பிப்ரவரியில் மறுபடி பிரேசிலுக்கு, பால்மெய்ராஸ் கிளப்புக்கு. திறமைக் குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். 18 வயதில், பணநெருக்கடியில் இருக்கும் கிளப்புக்கு ஜனவரியில் போவது மோசமான கணக்கு.

போர்ச்சுகல் முதல் வாசலாக இருப்பதற்கு மொழி பாதிக் காரணம். டிரெஸ்ஸிங் ரூமில் முதல் நாளே எல்லாம் புரியும். மீதிக் காரணம், அங்கே வாங்கி விற்பதுதான் கிளப்களின் வருமானம், ஆகவே இளைஞரை ஆடவிட்டே தீர வேண்டும். ஒரு காலத்தில் உக்ரைனின் ஷக்தார் டோனெட்ஸ்க் இதையே இன்னும் துணிச்சலாகச் செய்தது. பயிற்சியாளர் லூசெஸ்கு காலத்தில் ஃபெர்னாண்டினோ, வில்லியன், டக்ளஸ் கோஸ்டா, ஃப்ரெட் எல்லாம் அங்கே பழகித்தான் மேலே போனார்கள். 2022 போருக்குப் பின், உக்ரைனில் இருந்த வெளிநாட்டு வீரர்கள் ஒப்பந்தத்தை நிறுத்திவைத்து வேறிடம் போகலாம் என்று ஃபிஃபா அனுமதித்தது. அந்த வாசல் சில காலம் கிட்டத்தட்ட மூடியிருந்தது; பிறகு ஷக்தார் மறுபடி பிரேசில் இளைஞர்களை வாங்கத் தொடங்கியது.

இங்கிலாந்துக்கு வேறு தாழ்ப்பாள். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு வேலை அனுமதிக்குப் புள்ளிக் கணக்கு, தேறுவதற்கு 15 புள்ளி. தேசிய அணியில் போதிய சதவீத ஆட்டங்கள் ஆடியவருக்கு நேரடியாகவே கிடைக்கும். மற்றவருக்கு லீக்கின் தரம், ஆடிய நிமிடங்கள், கண்டப் போட்டிகள் எல்லாம் கூட்டிப் பார்ப்பார்கள். இதில் தென் அமெரிக்க கிளப்களின் முதன்மைப் போட்டியான லிபெர்டடோரஸ் கோப்பை ஆட்டங்களுக்கு நல்ல மதிப்பு. பிரேசிலில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் 19 வயது வீரரை ஒரு ஏஜென்ட் 'இங்கிலாந்துக்கு அனுப்புகிறேன்' என்றால், அந்த 15 எங்கிருந்து வரும் என்று கேட்க வேண்டும்.

சின்ன வயதில் பயிற்சி கொடுத்த ஊர் கிளப்புக்கு, பின்னாளில் கோடிகளில் விற்கும்போது ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும், காகிதம் ஒழுங்காக இருந்தால். இதற்குப் பெயர் சாலிடாரிட்டி பங்கு. ஒப்பந்தம் முடியும் முன் வீரர் சர்வதேச அளவில் விற்கப்படும் ஒவ்வொரு முறையும் தொகையில் 5 சதவீதம் பிரிக்கப்பட்டு, 12 முதல் 23 வயது வரை அவரைப் பதிவில் வைத்திருந்த கிளப்களுக்குப் போகும். 12 முதல் 15 வயது வரை சீசனுக்கு 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை சீசனுக்கு 0.5 சதவீதம்.

ஒரு கோடி யூரோ டிரான்ஸ்ஃபர் என்று வையுங்கள். மொத்தப் பங்கு 5 லட்சம் யூரோ. 12 முதல் 15 வரை நான்கு சீசனும் வைத்திருந்த கிளப்புக்கு 1 லட்சம். 16, 17 வயதில் வைத்திருந்த கிளப்புக்கும் அதே 1 லட்சம், இரண்டே சீசனில். உள்ளூர் கிளப்பின் பல வருடச் செலவு இந்த ஒரு தொகையில் அடைபடலாம்.

தவறுவது எங்கே? பதிவில். பையன் மூன்று வருடம் மைதானத்தில் ஓடியிருப்பான், ஆனால் கால்பந்து சங்கத்தில் பெயர் பதிவாகியிருக்காது. அல்லது தொடக்க, முடிவு தேதிகள் விட்டுப்போயிருக்கும். 2022 நவம்பர் முதல் பாரிஸில் உள்ள ஃபிஃபா கிளியரிங் ஹவுஸ் வழியாக, மின்னணு வீரர் பாஸ்போர்ட்டை (எந்த சீசனில் எந்த கிளப்பில் பதிவாகியிருந்தார் என்ற பதிவு) பார்த்துத்தான் பணம் பிரிகிறது. அதில் இல்லாத சீசனை, தலைவர் நேரில் போய் சத்தியம் செய்தாலும் சேர்க்க முடியாது. அந்த நாட்டுக் கால்பந்து சங்கத்தின் பதிவேட்டு நகல்தான் பேசும்.

முதலீட்டாளர்கள் வீரரின் விற்பனையில் பங்கு வாங்கிவைத்திருந்த பழைய பிரேசில் வழக்கத்தை 2015 மே 1 முதல் ஃபிஃபா தடை செய்துவிட்டது. அப்படி யாராவது இன்றும் பங்கு கேட்டால் குடும்பம் கையெழுத்துப் போடக் கூடாது.

வெளிநாட்டு கிளப் சம்பளம் தராவிட்டால் வீரர் என்ன செய்ய முடியும்?

கோபத்தில் விமானம் ஏறிவிடக் கூடாது. அங்கேதான் பலர் கெட்டுப்போகிறார்கள். அறிவிக்காமல் கிளம்பினால் ஒப்பந்தத்தை மீறியவர் வீரர்தான் என்று வழக்கு திரும்பிவிடும்.

இரண்டு மாதச் சம்பளம் நிலுவையானால் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்து, 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குள்ளும் வராவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கலாம். பிறகு ஃபிஃபா தீர்ப்பாயத்தில் மனு. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும். தீர்ப்புக்குப் பிறகும் கட்டாத கிளப்புக்குத் தொடர்ந்து மூன்று டிரான்ஸ்ஃபர் காலம் வரை புதுப் பதிவுக்குத் தடை வரலாம்.

கையில் இருக்க வேண்டியவை: இருதரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், வங்கிக் கணக்கு அறிக்கை, நோட்டீஸ் போய்ச் சேர்ந்ததற்கான சான்று. ஒரு பொறியும் உண்டு. சம்பளத்தில் ஒரு பகுதியைப் 'படம், பெயர் உரிமை' என்று தனி ஒப்பந்தமாக, வீரரின் நிறுவனத்தோடு போடுவார்கள். வரிக்கு வசதி. ஆனால் அந்தத் தொகை நின்றால், இது வேலை ஒப்பந்தம் அல்ல என்று தீர்ப்பாயம் ஒதுங்கிக்கொள்ளலாம். ஆகவே பெரிய பங்கு வேலை ஒப்பந்தத்துக்குள் இருப்பதே பாதுகாப்பு.

பிரேசிலிலிருந்து ஐரோப்பா போனவர்கள் முதல் வருடம் சோர்ந்து தெரிவது ஏன்?

நாட்காட்டி. பிரேசில் வருடம் ஜனவரியில் மாநிலப் போட்டிகளோடு தொடங்கி டிசம்பரில் முடிகிறது. ஐரோப்பாவில் ஆகஸ்ட் முதல் மே. ஜூலையில் மாறுபவர், ஜனவரியில் தொடங்கிய ஓட்டத்தை அடுத்த வருடம் மே வரை, கிட்டத்தட்ட 17 மாதம், முழு ஓய்வின்றி இழுக்கிறார். தொடைத் தசை முதலில் மக்கர் செய்யும்.

குளிரும் தனிமையும் வேறு கணக்கு. தியாகோ சில்வா 2005-ல் டைனமோ மாஸ்கோவில் காசநோயோடு மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார். ஃப்ளூமினென்ஸுக்குத் திரும்பித்தான் எழுந்தார். அதன்பின் மிலன், பாரிஸ், செல்சி என்று ஆடி, 2024-ல் மறுபடி ஃப்ளூமினென்ஸ்.

சென்னையின் எஃப்சிக்கு ஆடிய எலானோ நிஜமாகவே பெரிய வீரரா?

சந்தேகமே வேண்டாம். சான்டோஸ், ஷக்தார், மான்செஸ்டர் சிட்டி, கலாடாசராய் என்று போனவர். 2010 உலகக் கோப்பையில் பிரேசிலுக்காக இரண்டு கோல். 2014-ல் ஐஎஸ்எல் முதல் சீசனில் 8 கோலோடு அதிக கோல் அடித்தவர் அவர்தான். ஆனால் கோப்பை நாயகர்கள் என்று கேட்டால் 2018 இறுதிப் போட்டியைச் சொல்லுங்கள்: பெங்களூருவை 3-2 என வென்றபோது மெய்ல்சன் ஆல்வெஸ் இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று. மூன்றுமே பிரேசில் கோல்கள்.