ஒருவர் கணக்கில் போட்ட மல்லி எல்லோர் கணக்கிலும் ஏறுவது ஏன்?

கேள்வி: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் சித்தப்பா நடத்தும் கமிஷன் கடைக்காகப் பைதானில் பில் புரோகிராம் எழுதுகிறேன். 'விவசாயி' கிளாஸுக்குள் (ஒவ்வொரு விவசாயியின் கணக்கையும் உருவாக்கும் அச்சு) 'பூக்கள்' என்று ஒரு காலி லிஸ்ட்டும், 'கமிஷன்' என்று 10-ம் வைத்தேன். ஒருவருக்கு மல்லியை அப்பெண்ட் செய்தால் (லிஸ்ட்டின் கடைசியில் சேர்த்தால்) எல்லோர் கணக்கிலும் ஏறிவிடுகிறது. ஆனால் ஒருவருக்குக் கமிஷனை 8 ஆக்கினால் மற்றவர்களுக்கு மாறுவதில்லை. ஏன்?
— வாசகர், ஆனையூர், மதுரை

பதில்: பைதானில் கிளாஸும் ஒரு ஆப்ஜெக்ட்தான், அதாவது தனக்கென்று தகவல்களை வைத்திருக்கும் ஒரு பொருள். புரோகிராம் ஓடும்போது கிளாஸ் தொடங்கும் வரிக்கு வந்ததும், அதற்குள் நேராக எழுதிய வரிகள் அப்போதே, ஒரே ஒருமுறை ஓடும். அங்கே பிறக்கும் காலி லிஸ்ட்டும் அந்த 10-ம் கிளாஸ் ஆப்ஜெக்ட்டிடமே தங்கிவிடும். அப்புறம் எத்தனை விவசாயிகளை உருவாக்கினாலும் புது லிஸ்ட் பிறக்காது. ஜாவாவில் ஸ்டாட்டிக் என்று எழுதினால்தான் இப்படிப் பொதுவாகும். ஜாவா படித்துவிட்டு வருகிறவர்கள் பலரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

உசிலம்பட்டிக்காரர் ஒருவரின் 'பூக்கள்' வேண்டும் என்று கேட்கிறீர்கள். பைதான் முதலில் அவருடைய ஆப்ஜெக்ட்டுக்குள் தேடும். அங்கே இல்லாததால் கிளாஸிடம் போய், அதனிடம் உள்ள லிஸ்ட்டை எடுத்துக் கொடுக்கும். நீங்கள் அப்பெண்ட் செய்த மல்லி அந்தப் பொது லிஸ்ட்டில் விழுகிறது. திருமங்கலத்துக்காரரைக் கேட்டாலும் அதே லிஸ்ட்தான் வரும். இருவரின் பூக்களையும், ஆப்ஜெக்ட்டின் அடையாள எண்ணைச் சொல்லும் ஐடி ஃபங்ஷனில் போட்டுப் பாருங்கள், ஒரே எண் வரும்.

கமிஷன் விஷயம் வேறு. சமக்குறி போட்டு 8 என்று எழுதும்போது, அது அந்த ஒருவரின் ஆப்ஜெக்ட்டிலேயே புதிதாகப் பதிவாகும். கிளாஸில் உள்ள 10 அப்படியே இருக்கும். ஒரு ஆப்ஜெக்ட்டுக்குள்ளேயே பதிவாகி இருப்பதைக் காட்டும் வார்ஸ் ஃபங்ஷனில் அவரைக் கொடுத்தால் கமிஷன் 8 தெரியும், பூக்கள் இருக்காது. இதைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள், பாதிக் குழப்பம் போய்விடும்.

சரி, என்ன செய்வது? லிஸ்ட்டை, ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் இனிட் மெத்தடுக்குள், செல்ஃபில் (அதாவது அந்த ஆப்ஜெக்ட்டிலேயே) வையுங்கள். இனிட் ஒவ்வொரு விவசாயிக்கும் தனியாக ஓடும், அதனால் ஆளுக்கொரு லிஸ்ட் கிடைக்கும். கமிஷனைக் கிளாஸிலேயே விடுங்கள், அதுதான் நல்லது. நாளைக்குக் கிளாஸின் கமிஷனை 9 ஆக்கினால், 8 போட்டவரைத் தவிர, ஏற்கெனவே உருவாக்கிய எல்லோருக்கும் 9 ஆகிவிடும்.

ஒன்றில் மட்டும் கவனம். அப்பெண்டுக்குப் பதில் கூட்டல்குறியும் சமக்குறியும் சேர்த்துப் போட்டுப் பார்க்கத் தோன்றும். அது பொது லிஸ்ட்டையே நீட்டிவிட்டு, அதே லிஸ்ட்டை அந்த ஆப்ஜெக்ட்டிலும் பதிந்துவிடும். வார்ஸில் பார்த்தால் அவருக்கென்று தனி லிஸ்ட் இருப்பது போலவே தெரியும். ஐடி எண் மட்டும் கிளாஸில் உள்ளதாகவே இருக்கும்.