சாயங்காலம் நிற்கும் பில்லிங்: குறை சர்வரிலா, மென்பொருளிலா?

கேள்வி: விருதுநகரில் பருப்பு, எண்ணெய் மொத்தக் கடை வைத்திருக்கிறோம். கவுன்டரில் ஐந்து கணினி, குடோனில் இரண்டு. எல்லாமே ஒரு விண்டோஸ் சர்வரில் (8 ஜிபி ரேம்) உள்ள மைஎஸ்க்யூஎல் 5.7-இல் (கணக்குகளைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் மென்பொருள்) ஓடுகின்றன. இரண்டு மாதமாக மாலை ஏழு மணி வாக்கில், கூட்டம் அதிகமாக இருக்கும் நேரத்தில், 'டூ மெனி கனெக்‌ஷன்ஸ்' (இணைப்புகள் மிக அதிகம்) என்று வந்து பில் போட முடியாமல் போகிறது. சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் மறுநாள் மாலை வரை பிரச்சினை இல்லை. மென்பொருள் போட்டுக் கொடுத்தவர், "லோடு தாங்கவில்லை, 2.80 லட்சத்தில் புது சர்வர் போடுங்கள்" என்கிறார். போடலாமா சார்?

பதில்: போடாதீர்கள். அந்தப் பணத்தில் வாங்கும் சர்வரும் இதே ஏழு மணிக்கு இதே செய்தியைத்தான் காட்டும்.

காரணம் இது. மைஎஸ்க்யூஎல் ஒரே நேரத்தில் 151 இணைப்புகளை ஏற்கும். யாரும் மாற்றாதவரை அதுதான் எண்ணிக்கை. கணினி பெரிதா சிறிதா என்று அது பார்ப்பதில்லை. உங்களிடம் இருப்பதோ ஏழு கணினி. ஏழு எப்படி 151 ஆனது? மென்பொருள் ஒரு வேலைக்கு இணைப்பைத் திறந்தால், வேலை முடிந்ததும் மூட வேண்டும். எங்கோ ஒரு திரையில் மூடாமல் விட்டிருக்கிறார்கள். டோக்கன் வாங்கியவர்கள் திருப்பித் தராமல் பையில் போட்டுக்கொண்டு போனால் கடைசியில் கவுன்டரில் டோக்கனே இருக்காது அல்லவா, அதே கதை. இப்படிச் சும்மா கிடக்கும் இணைப்பை மைஎஸ்க்யூஎல் தானாக வெட்டிவிட 28,800 விநாடி, அதாவது எட்டு மணி நேரம் காத்திருக்கும். காலை ஒன்பது மணிக்குத் திறக்கும் கடையில் மாலைக்குள் டோக்கன் தீர்ந்துவிடுகிறது.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது 'இரண்டு மாதமாக' என்ற சொல். இரண்டு மாதத்துக்கு முன்பு மென்பொருளில் எதைப் புதிதாகச் சேர்த்தார்கள் என்று கேளுங்கள். "ஒன்றும் செய்யவில்லையே" என்பார். தேதி சொல்லிக் கேளுங்கள்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே சோதித்துப் பாருங்கள். அடுத்த முறை அந்தச் செய்தி வரும்போது சர்வரைத் தொடாதீர்கள். ஒரே ஒரு கவுன்டரில் பில்லிங் மென்பொருளை முழுவதுமாக மூடுங்கள். மற்றக் கவுன்டர்களில் உடனே பில் போட முடிந்தால் முடிந்தது வழக்கு. மூடிய மென்பொருள், தான் பதுக்கிய இணைப்புகளை எல்லாம் விட்டுவிட்டது என்று பொருள். சர்வருக்கு லோடு தாங்காமல் இருந்திருந்தால் ஒரு கவுன்டரை மூடியதில் இப்படிச் சட்டென்று வழி பிறக்காது.

கண்ணால் பார்க்க வேண்டும் என்றால், மாலை ஐந்து மணிக்கே சர்வரில் மைஎஸ்க்யூஎல் வொர்க்பெஞ்ச் என்ற நிர்வாகக் கருவியைத் திறந்து 'ஷோ ப்ராசஸ்லிஸ்ட்' கட்டளையைக் கொடுங்கள் (தட்டுவது ஆங்கிலத்தில்). வரிசையாக 'ஸ்லீப்', 'ஸ்லீப்' என்று நிற்கும், சும்மா கிடக்கும் இணைப்புகள் அவைதான். பக்கத்து 'டைம்' பத்தியில் 9,000, 14,000 என்று விநாடிகள் இருக்கும். 'ஹோஸ்ட்' பத்தியில் எந்தக் கணினி என்பதும் தெரியும். போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பேச்சுவார்த்தைக்கு உதவும். ஏழு மணிக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். நிர்வாகி உள்ளே வருவதற்கென்று மைஎஸ்க்யூஎல் ஓர் இணைப்பைத் தனியாக ஒதுக்கி வைத்திருக்கும்தான். ஆனால் உங்கள் மென்பொருளே 'ரூட்' என்ற முழு அதிகார நிர்வாகிக் கணக்கில்தான் நுழைகிறது என்றால் (பல கடைகளில் அப்படித்தான்) அந்த ஒன்றையும் அது தின்றுவிட்டிருக்கும்.

சரி, மருந்து. மூடாமல் விட்ட இடத்தை மென்பொருள்காரர் சரிசெய்வதுதான் உண்மையான வைத்தியம். அதுவரை 'வெயிட் டைம்அவுட்' என்ற அளவை, அதாவது அந்த எட்டு மணி நேரக் காத்திருப்பை, குறைக்கலாம். இங்கேதான் அவசரப்படுகிறார்கள். இணையத்தில் யாரோ 60 விநாடி என்று எழுதியதைப் பார்த்து அப்படியே போட்டுவிடுவார்கள். உங்கள் மென்பொருள் காலையில் திறந்த ஓர் இணைப்பை நாள் முழுக்க வைத்துக்கொண்டு வேலை செய்யும் வகையாக இருக்கலாம். கவுன்டர் தம்பி பாதி பில்லை அடித்துவிட்டு டீ குடிக்கப் போகிறான். திரும்பி வந்து 'சேவ்' அமுக்கினால் 'சர்வர் ஹேஸ் கான் அவே' (சர்வர் தொடர்பு அறுந்துவிட்டது) என்று வரும். நாற்பது வரி பில் போயிற்று. பழி சர்வர் மேல் விழும், மறுபடி 2.80 லட்சம் பேச்சு வரும். எனவே உங்கள் கடையில் ஒரு கணினி அதிகபட்சம் எவ்வளவு நேரம் தொடாமல் கிடக்கும் என்று பாருங்கள். மதியச் சாப்பாடு, வெள்ளிக்கிழமைத் தொழுகை, குடோனில் லாரி வரும் நேரம் எல்லாம் சேர்த்து. இரண்டு மணி நேரத்தைத் தாண்டாது என்றால் 7,200 போடுங்கள். எட்டு மணி நேரத்தில் 150 சேர்கிறது என்றால் இரண்டு மணி நேரத்தில் நாற்பது சேரும். கூட்ட நேரம் என்று தாராளமாக வைத்தாலும் எழுபதைத் தொடாது. குடோன் கணினி மட்டும் அரைநாள் தூங்கும் என்றால், அங்கே வேலை தொடங்கும்போது மென்பொருளை ஒருமுறை மூடித் திறக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு கணினிக்காக எல்லாருக்கும் அளவைக் கூட்டாதீர்கள்.

மாற்ற வேண்டிய கோப்பு 'மை டாட் ஐஎன்ஐ'. பெரும்பாலும் சி டிரைவில் 'புரோகிராம்டேட்டா' என்ற மறைந்த ஃபோல்டருக்குள் இருக்கும். 'புரோகிராம் ஃபைல்ஸ்' அல்ல, அங்கே தேடித்தான் பலர் ஒரு மாலையைத் தொலைக்கிறார்கள். முதலில் ஒரு நகல் எடுங்கள். நோட்பேடில் சேமிக்கும்போது என்கோடிங் 'ஆன்சி' என்று இருக்கட்டும். கடைசியில் 'டாட் டிஎக்ஸ்டி' ஒட்டிக்கொள்கிறதா என்றும் பாருங்கள். கடை மூடியபின் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதே கோப்பில் இணைப்பு எண்ணிக்கை 151-ஐ 250 ஆக்குங்கள், தவறில்லை. 5,000 ஆக்காதீர்கள், ஒவ்வோர் இணைப்பும் நினைவகம் தின்னும்.

ரேம் பற்றி ஒரு வார்த்தை. டேட்டாவை ரேமில் வைத்துக்கொள்ள எவ்வளவு இடம் என்பதற்கு 'பஃபர் பூல்' என்று ஓர் அளவு உண்டு, அதன் இயல்பு 128 எம்பி. அதை மாற்றாமல் 64 ஜிபி ரேம் வாங்கிப் போட்டாலும் மைஎஸ்க்யூஎல் தன் டேட்டாவுக்கு அந்த 128-ஐத்தான் வைத்துக்கொள்ளும். 'நெக்ஸ்ட்', 'நெக்ஸ்ட்' என்று அமுக்கியே நிறுவுகிறவர்கள் இதைத் தொடுவதே இல்லை. உங்கள் 8 ஜிபியில் 2 ஜிபி கொடுங்கள், ரிப்போர்ட் வேகமாக வரும்.

இனி நீங்கள் கேட்காதது. உங்கள் ரூட் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது? "அவரிடம்தான் சார்" என்பீர்கள். பீரோ உங்களுடையது, சாவி தச்சரிடம்! 5.7 பதிப்புக்கான ஆதரவு 2023 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது, அதை உங்களிடம் அவர் சொன்னாரா? (இந்த வாரமே 8-க்குத் தாவிவிடாதீர்கள். உள்நுழையும் முறை மாறியிருப்பதால் பழைய மென்பொருள் இணைய மறுக்கலாம்.) மைஎஸ்க்யூஎல்லின் சமூகப் பதிப்பை உங்கள் கடைக்குள் ஓட்டக் காசு கிடையாது. ஆனாலும் 'டேட்டாபேஸ் லைசென்ஸ்' என்று ஆண்டுதோறும் பில்லில் ஒரு வரி பார்த்திருக்கிறேன். ஜிஎஸ்டி சட்டம் ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்கச் சொல்கிறது. டேட்டா போனால் அதிகாரி வந்து நிற்பது உங்கள் கடை வாசலில்தான். அந்த டேட்டாவின் சாவியை வியாபாரிக்குக் கொடு என்று மென்பொருள் விற்பவரை யாராவது கேட்கிறார்களா? ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், வெள்ளம், இடி, போர் எல்லாம் இருக்கும், பாஸ்வேர்டு என்ற சொல் இருக்காது.

முதலாளி வீட்டிலிருந்து விற்பனை பார்க்க வேண்டும் என்று ரௌட்டரில் 3306 போர்ட்டை (மைஎஸ்க்யூஎல்லுக்குள் நுழையும் வாசல்) இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தால் இன்றைக்கே மூடச் சொல்லுங்கள். அப்படித் திறந்து வைத்த ஒரு கடைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பாஸ்வேர்டு, 'ரூட்'. போய்ப் பார்த்தால் டேட்டாபேஸில் எல்லா டேபிளும் (அட்டவணை) காலி, பிட்காயின் கேட்டு ஒரே ஒரு டேபிள் மட்டும். பேக்கப் இருக்கிறது என்று ஒரு பென்டிரைவை நீட்டினார்கள். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே டேட்டா ஃபோல்டரை இழுத்துப் போட்டு எடுத்த நகல், திறக்கவே இல்லை. 'மைஎஸ்க்யூஎல்டம்ப்' என்ற பேக்கப் கருவி கொண்டு எடுத்து, வேறொரு கணினியில் ஏற்றி, நேற்றைய பில் ஒன்றைத் திறந்து பார்த்தால்தான் அது பேக்கப்.

மென்பொருள்காரரை நாளை கூப்பிட்டு மூன்று கேளுங்கள்: ரூட் பாஸ்வேர்டு, நீங்களே நடத்திப் பார்க்கக்கூடிய பேக்கப், அந்த மூடாத இணைப்புக்கு ஒரு திருத்தம். மூன்றாவதற்கு அவர் தனிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள், அது அவர் செய்த பிழை. கையில் பணம் இருந்து செலவு செய்தே ஆக வேண்டும் என்றால், சர்வரில் இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு எஸ்எஸ்டி, கூடவே ஒழுங்கான யுபிஎஸ். இரண்டும் சேர்ந்தாலும் அவர் கேட்ட தொகையின் பக்கத்தில்கூட வராது.