சி.எம்.இ. கோஆர்டினேட்டர் வேலை: 22,000 ரூபாயை நம்பிச் சேரலாமா?

கேள்வி: மருத்துவமனை நிர்வாகத்தில் முதுகலை முடித்திருக்கிறேன். மதுரையில் ஒரு மருத்துவமனையில் சி.எம்.இ. (மருத்துவர்களுக்கான தொடர் கல்வி) கோஆர்டினேட்டர் வேலை இருப்பதாக ஒரு கன்சல்டன்சி அழைத்தது. மாதம் 22,000 சி.டி.சி. (நிர்வாகம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு) என்கிறார்கள். ஆனால் 15,000 கட்டிப் பயிற்சி எடுத்த பிறகுதான் வேலையாம். மருந்து கம்பெனிகள் டாக்டர்களுக்குச் செலவு செய்யக் கூடாது என்று வந்துவிட்டதால் இந்த வேலையே இனி இருக்காது என்கிறார் அண்ணன். சேரலாமா?

பதில்: முதலில் அந்த 15,000. கட்டாதீர்கள். ஆள் பிடித்துக் கொடுப்பதற்கு மருத்துவமனையிடம் கமிஷன் வாங்குகிறவர், உங்களிடமும் கை நீட்டுகிறார். இந்த வேலைக்குச் சான்றிதழ் கொண்டு வா என்று நம் ஊர் மருத்துவமனைகள் பெரும்பாலும் கேட்பதில்லை. பயிற்சி என்பது இரண்டு சனிக்கிழமை ஸ்லைடு காட்டுவது, கடைசியில் லேமினேட் செய்த ஒரு தாள். அசல் மதிப்பெண் பட்டியலையும் கேட்பார்கள். காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள். நியமனக் கடிதம் கன்சல்டன்சியின் பெயரில் வந்தால் நீங்கள் மருத்துவமனை ஊழியரே இல்லை. அங்கே சம்பள உயர்வைப் பற்றிப் பேச உங்களுக்கு ஆளே இருக்காது.

சம்பளத்துக்கு வருவோம். 22,000 சி.டி.சி. என்றால் கைக்கு 22,000 வராது. அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.எஃப். உங்கள் பங்கு 1,800, நிர்வாகத்தின் பங்கு 1,800. நிர்வாகத்தின் பங்கையும் அந்த 22,000-க்குள்தான் அடக்குவார்கள். இ.எஸ்.ஐ.யும் போனால் மிஞ்சுவது 17,600 அளவுதான். புதிதாகச் சேர்பவருக்கு இது அநியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் “பிக்ஸட் எவ்வளவு, இன்சென்டிவ் எவ்வளவு” என்று கேட்டுவிடுங்கள். இன்சென்டிவ் என்ற சொல் வந்தால், உங்களை நிகழ்ச்சிகளுக்கு மருந்து கம்பெனி ஸ்பான்சர் பிடிக்கத்தான் அனுப்பப் போகிறார்கள்.

அண்ணன் சொல்வதில் பாதிதான் சரி. மருத்துவர்கள் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரமாவது தொடர் கல்வி பெற வேண்டும் என்பது இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002 விதிகளிலேயே இருக்கிறது. அது இருக்கும்வரை அரங்கம் பிடிக்க, கிரெடிட்டுக்கு (அந்த மணி நேரத்தைக் கணக்கில் ஏற்றும் புள்ளி) விண்ணப்பிக்க, வருகைப் பதிவு எடுக்க ஆள் வேண்டும். 2023 ஆகஸ்ட் 2-ஆம் தேதி தேசிய மருத்துவ ஆணையம் கம்பெனி ஸ்பான்சர் இருக்கிற நிகழ்ச்சியில் மருத்துவர் கலந்துகொள்ளவே கூடாது என்று புது விதி போட்டது. மூன்று வாரத்தில் அதையே நிறுத்தியும் வைத்தது. இப்படி விதி போட்டால் கீழே இருப்பவன் எதை நம்பி ஹாலுக்கு அட்வான்ஸ் கொடுப்பது?

2024 மார்ச்சில் மத்திய அரசின் மருந்துத் துறை கொண்டுவந்த நெறிமுறையைத்தான் அண்ணன் சொல்கிறார் என்று நினைக்கிறேன். பேச்சைக் கேட்க வருகிற டாக்டருக்குக் கம்பெனி பயணச் செலவு, தங்கும் செலவு கொடுக்கக் கூடாது. பேச்சாளருக்கு மட்டும் கொடுக்கலாம். இந்த ஒரு விலக்கைக் கவனமாகப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் மாட்டுவது நீங்கள்தான். அழைப்பிதழில் நான்கு பேச்சாளர்கள் இருப்பார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு மருந்து கம்பெனிப் பிரதிநிதி வந்து, “மேடம், இன்னும் ஆறு சாரைப் பேனலிஸ்ட்னு சேர்த்துடுங்க, ரூம் போடணும்” என்பார். அந்த ஆறு பேரும் மைக்கைத் தொடவே மாட்டார்கள். மேடையில் நாற்காலி போட்டதால் ஒருவர் பேச்சாளர் ஆகிவிட மாட்டார். தலைப்பு வேண்டும், நேரம் வேண்டும், அவர் நிஜமாகப் பேச வேண்டும். நிகழ்ச்சி நிரலை டைப் செய்தவர், மின்னஞ்சல் அனுப்பியவர் நீங்கள். நாளை கணக்குக் கேட்டால் உங்கள் பெயர்தான் வரும்.

வருகைப் பதிவும் அப்படித்தான். காலை கையெழுத்துப் போட்டுவிட்டு ஓ.பி.க்கு ஓடுபவரும் கடைசியில் முழு கிரெடிட் கேட்பார். மறுத்துப் பழகுங்கள்.

மேலே போக வழி உண்டா என்றால் உண்டு, ஆனால் இதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இல்லை. தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலிலும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலும் கிரெடிட் வாங்கும் நடைமுறை கைவந்தவரை இழக்க அகாடமிக் பிரிவு விரும்பாது. அங்கிருந்து டி.என்.பி. (மருத்துவமனையிலேயே படிக்கும் மருத்துவ முதுகலைப் படிப்பு) மாணவர் நிர்வாகம், ஆராய்ச்சிப் பிரிவு என்று நகரலாம். பூங்கொத்தும் பிரியாணி எண்ணிக்கையும் மட்டுமே பார்த்தவர், ஐந்து வருடம் கழித்தும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

அதனால் கன்சல்டன்சியை விட்டுவிட்டு, அந்த மருத்துவமனையின் எச்.ஆர். பிரிவுக்கே நேரில் போய், இந்த இடம் காலியாக இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் இன்னொன்றும் கேளுங்கள்: போன முறை நடத்திய நிகழ்ச்சிக்குக் கிரெடிட் விண்ணப்பத்தைப் போட்டது யார்? உங்கள் இடத்தில் முன்பு இருந்தவர் என்றால் சேருங்கள். “அதெல்லாம் கம்பெனி ஆளே பார்த்துப்பாங்க” என்றால் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.