அழித்த படங்கள் போனில் மறுபடி வருவது ஏன்? யாராவது ஹேக் செய்துவிட்டார்களா?

கேள்வி: மூன்று வருடத்துக்கு முன்னால் டிலீட் செய்த படங்கள் கேலரியில் மறுபடி வந்து நிற்கின்றன. ட்ராஷையும் அப்போதே காலி செய்துவிட்டேன். யாராவது என் போனுக்குள் நுழைந்துவிட்டார்களா? இந்தப் போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் வாங்குகிறவருக்கும் இப்படி வருமா?

பதில்:

ஹேக் பயத்தை முதலில் ஓரம் வையுங்கள். போனுக்குள் நுழைகிறவன் படங்களை எடுத்துக்கொண்டு போவானே தவிர, நீங்கள் தூக்கிப் போட்டதைப் பொறுக்கி வந்து கேலரியில் அடுக்கி வைக்க மாட்டான். அழித்த படம் திரும்புகிறது என்றால் அதன் இன்னொரு பிரதி எங்கோ இருந்திருக்கிறது. அல்லது பட்டியலில் பெயர் மட்டும் அடிபட்டு, ஃபைல் அப்படியே கிடந்திருக்கிறது. எது என்று தெரியும்வரை அந்தப் படங்களை மறுபடி டிலீட் செய்ய வேண்டாம். தடயமே அவைதான்.

படத்தைத் திறந்து விரலால் மேலே தள்ளினால் விவரம் வரும். ஆண்ட்ராய்டில் ஃபைல் பெயரில் தேதிக்குப் பிறகு 'டபிள்யூஏ0004' என்பது போல இருந்தால் அது வாட்ஸ்அப் வழியாகப் போய்வந்த பிரதி, கேமரா எடுத்த மூலம் அல்ல. நீளமான பக்கம் 1600 பிக்சல் அளவில் நின்றிருந்தாலும் பெரும்பாலும் அதே கதைதான். ஐபோனில், படம் எந்த ஆப்பிலிருந்து சேமிக்கப்பட்டது என்று அந்த விவரத்திலேயே காட்டும். அடுத்து ஏரோப்ளேன் மோடு போட்டு, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கலாகவே நின்றால் மூலம் கிளவுடில், அதாவது இணையக் கிடங்கில் இருக்கிறது. தெளிவாகத் திறந்தால் போனிலேயே ஒரு பிரதி இருக்கிறது. இந்த இரண்டு சோதனையும் முடிந்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இப்போது, டிலீட் என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்பது. கேலரியில் நீங்கள் பார்ப்பது படங்களை அல்ல, ஒரு டேட்டாபேஸ் காட்டும் பட்டியலை. நூலகத்தில் கார்டு அடுக்கும் புத்தக அலமாரியும் தனித்தனியாக இருப்பது போலத்தான். கார்டைக் கிழித்துவிட்டு, புத்தகத்தை எடுக்க யாரும் போகவில்லை என்றால் புத்தகம் அலமாரியிலேயே இருக்கும், ஆனால் தேடினால் கிடைக்காது. பின்னொரு நாள் யாராவது அலமாரியைப் பார்த்துப் புதிதாகக் கார்டு எழுதினால் 'தொலைந்த' புத்தகம் பட்டியலுக்குத் திரும்பிவிடும்.

2024 மே மாதம் ஐபோன்களில் நடந்தது இதுதான். மே 13 அன்று ஐபோனின் இயங்குதள அப்டேட்டான ஐஓஎஸ் 17.5 வந்தது. அதைப் போட்ட சிலருக்குப் பல வருடத்துக்கு முன் அழித்த படங்கள், அந்தரங்கமானவை உட்பட, புதிதாகச் சேர்த்தவை போல வந்து நின்றன. ஆப்பிள் மே 20 அன்று 17.5.1 வெளியிட்டு, டேட்டாபேஸ் பழுதான படங்கள் அழித்த பிறகும் திரும்பத் தோன்றும் அரிதான கோளாறு இது என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டது. ஒரு வரி போதாது என்று கோபப்பட்டவர்கள் பக்கம்தான் நியாயம் என்பேன். சினாக்டிவ் என்ற பிரெஞ்சுப் பாதுகாப்பு நிறுவனத்தார் இரண்டு பதிப்புகளின் நிரலையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 17.5இல் போட்டோ நூலகத்தைப் புதுப்பிக்கும் பகுதியில், ஃபைல் சிஸ்டத்தைத் துழாவி அங்கே கிடக்கும் படங்களை மறுபடி நூலகத்தில் சேர்க்கும் ஒரு வேலை இருந்தது. 17.5.1இல் அது நீக்கப்பட்டிருந்தது. அலமாரியைப் பார்த்துக் கார்டு எழுதிய ஆள் அதுதான். படங்கள் கிடந்தது ஆப்பிளின் இணையக் கிடங்கான ஐகிளவுடில் அல்ல, போனிலேயே என்று ஆப்பிளும் பிறகு விளக்கியது. புதுப் போனுக்கு மாறும்போது பேக்கப் வழியாகவோ நேரடி மாற்றம் வழியாகவோ அந்த அனாதை ஃபைல்களும் கூடவே வந்திருக்கலாம் என்றது. 2010இல் எடுத்த படம் 2023இல் வாங்கிய போனில் எப்படி என்று திகைத்தவர்களுக்கு அதுதான் பதில்.

அப்போது இன்னொரு செய்தியும் பரவியது: முழுக்க அழித்துவிட்டு விற்ற ஐபேடில், வாங்கியவருக்குப் பழைய உரிமையாளரின் படங்கள் வந்தன என்று. ஆப்பிள் அதை மறுத்தது, பதிவை இட்டவரே அதை நீக்கிவிட்டார். தொழில்நுட்பப்படியும் அது நடக்கக்கூடியதாக இல்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன், எக்ஸ்சேஞ்ச் கேள்விக்கும் அதுதான் விடை.

ஆனால் திரும்பி வரும் படங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இப்படிப்பட்ட கோளாறு அல்ல, வீட்டு விஷயம். போன் கம்பெனியின் கேலரி ஒன்று, கூகுள் போட்டோஸ் ஒன்று என்று இரண்டு ஆப் இருக்கும். கேலரியில் அழித்தால் போனில் உள்ள ஃபைல் மட்டும் போகும். முன்பே மேலே ஏறிய பிரதி கூகுள் கணக்கில் பத்திரமாக இருக்கும், 'இதே நாளில் அன்று' என்று ஒருநாள் எடுத்தும் காட்டும். அழிப்பதானால் கூகுள் போட்டோஸுக்குள்ளிருந்து அழியுங்கள். அங்கேயும் 'இந்தச் சாதனத்திலிருந்து மட்டும்' என்பது ஒரு பொத்தான், ட்ராஷுக்கு அனுப்புவது வேறு பொத்தான். பேக்கப் ஆன படம் ட்ராஷில் 60 நாள் இருக்கும், பேக்கப் ஆகாதது 30 நாள். ஐபோனின் 'சமீபத்தில் நீக்கியவை' ஆல்பமும் 30 நாள்தான், சில சமயம் 40 நாள் வரை போகும். உடனே போக வேண்டும் என்றால் அங்கே போய் இரண்டாம் முறை அழிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு 11 முதல் ட்ராஷில் உள்ள படம் வேறெங்கும் நகர்வதுகூட இல்லை. பெயருக்கு முன்னால் புள்ளியும் 'ட்ராஷ்டு' என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டு அதே ஃபோல்டரில் இருக்கும். மறைந்த ஃபைல்களைக் காட்டும் எந்த ஃபைல் மேனேஜரிலும் அதைப் பார்க்கலாம்.

அப்பா அம்மா போனை மகனோ மகளோ தங்கள் ஜிமெயிலைப் போட்டுத் தொடங்கிக் கொடுப்பது நம் வீடுகளில் சாதாரணம். அன்றைக்கு ஐந்து நிமிட வேலை மிச்சம், பிறகு வருடக்கணக்கில் தலைவலி. ஒரே கணக்கு என்றால் ஒரே போட்டோ கிடங்கு. உங்கள் படம் அப்பா போனில் தெரியும், அப்பா டவுன்லோட் செய்து வைத்த பிரதி உங்கள் கணக்குக்கே திரும்ப ஏறும். கணவன் மனைவி ஒரே ஆப்பிள் ஐடியில் இருந்தாலும் இதே கதி. மேசை டிராயரில் தூங்கும் பழைய போனை ஒருநாள் சார்ஜ் போட்டு வைஃபையில் விட்டால், அதில் இருக்கும் பழைய படங்கள் 'புதிது' என்று மறுபடி பேக்கப் ஆகலாம். ட்ராஷைக் காலி செய்த கணக்கில் பழைய படம் முளைப்பதற்கு இதுதான் நான் முதலில் சந்தேகப்படும் இடம். கூகுள் கணக்கின் 'பாதுகாப்பு' பகுதியில் 'உங்கள் சாதனங்கள்' பட்டியலையும், ஐபோன் என்றால் செட்டிங்ஸில் உங்கள் பெயரைத் தட்டினால் கீழே வரும் சாதனப் பட்டியலையும் பாருங்கள். உங்களுக்கே தெரியாத சாதனம் அங்கே இருந்தால், அல்லது நீங்கள் எடுக்காத படம் கேலரியில் இருந்தால், அப்போது ஹேக் சந்தேகம் நியாயம். அந்தச் சாதனத்தை வெளியேற்றி, பாஸ்வேர்டை மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள்.

வாட்ஸ்அப்புக்கு வருவோம். ஆண்ட்ராய்டில் நீங்கள் அனுப்பிய படத்துக்கு 'சென்ட்' என்ற தனி ஃபோல்டரில் ஒரு பிரதி விழும். கேலரி அந்த ஃபோல்டரைக் காட்டாது. ஆகவே மூலத்தை அழித்தவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', அதில் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' போய் ஒவ்வொரு உரையாடலாகத் துடைக்க வேண்டும். கூகுள் டிரைவில் உள்ள சாட் பேக்கப்பிலும் படங்கள் இருக்கும். புதுப் போனில் ரீஸ்டோர் செய்தால் அவை வந்து நிற்கும். துடைத்த பிறகு ஒருமுறை புதிதாகப் பேக்கப் எடுத்தால்தான் பழையது மாறும். பேக்கப்புக்கான எண்ட்-டு-எண்ட் பூட்டு (உங்கள் சாவி இல்லாமல் யாரும் திறக்க முடியாத பூட்டு) தானாகப் போடப்படுவதில்லை, நீங்கள்தான் ஆன் செய்ய வேண்டும். எதிர்முனையில் இருப்பவர் போனில் உள்ள பிரதியை நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

ஐபோன்காரர்களுக்கு ஒரு குறிப்பு: ஐகிளவுட் போட்டோஸ் அணைந்திருந்தால் படங்கள் பேக்கப்புக்குள்ளேயே போகும். ஒரு வருடத்துக்கு முந்தைய பேக்கப்பை ரீஸ்டோர் செய்தால், அதற்குப் பிறகு நீங்கள் அழித்ததெல்லாம் திரும்பும். கம்ப்யூட்டரிலிருந்து சிங்க் செய்த படங்களைப் போனில் அழிக்கவே முடியாது, கம்ப்யூட்டரில் அந்த ஃபோல்டரின் தேர்வை நீக்கிவிட்டு மறுபடி சிங்க் செய்ய வேண்டும்.

எக்ஸ்சேஞ்ச் கேள்விக்கு இப்போது வரலாம். ஐபோனில் ஒவ்வொரு ஃபைலும் தனிச் சாவியால் பூட்டப்பட்டிருக்கிறது, அந்தச் சாவிகளைப் பூட்டும் மூலச்சாவிகள் வேறு இருக்கின்றன. 'எல்லா உள்ளடக்கத்தையும் செட்டிங்ஸையும் அழி' என்று கொடுத்தால் போன் அந்த மூலச்சாவிகளை அழித்துவிடுகிறது. அதனால்தான் 256 ஜிபி போனும் சில நிமிடத்தில் காலியாகிறது. படத்தின் பிட்டுகள் சிப்பில் மிச்சம் இருந்தாலும் அவை வெறும் இரைச்சல், அவற்றைத் துழாவி கார்டு எழுத எந்த அப்டேட்டாலும் முடியாது. ஆண்ட்ராய்டு 10 உடனோ அதற்குப் பிறகோ வந்த போன்களிலும் ஃபைல் அளவிலான இந்தப் பூட்டு கட்டாயம். ஆகவே: பேக்கப் எடுங்கள், கூகுள் கணக்கை அல்லது ஆப்பிள் ஐடியை வெளியேற்றுங்கள், பிறகு ஃபேக்டரி ரீசெட். படங்களை மட்டும் ஒவ்வொன்றாக டிலீட் செய்துவிட்டுக் கொடுப்பதுதான் ஆபத்து. கடைக்காரர் 'நாங்களே ரீசெட் செய்துகொள்கிறோம் சார்' என்றாலும் சம்மதிக்காதீர்கள்.

மெமரி கார்டு மட்டும் இந்தக் கணக்கில் வராது. சாதாரணமாகப் பயன்படுத்தும் கார்டில் பூட்டு கிடையாது. கார்டில் ஃபைல்களை அடுக்கும் எஃப்ஏடி32 என்ற முறையில் ஒரு ஃபைலை அழித்தால், பட்டியலில் அதன் பெயரின் முதல் எழுத்து மாற்றப்படுகிறது, இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். போட்டோரெக் போன்ற இலவச மென்பொருளே அவற்றை மீட்டுவிடும். கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டு, விண்டோஸில் 'குயிக் ஃபார்மேட்' டிக்கை எடுத்துவிட்டு ஃபார்மேட் செய்தால் முழுக்கப் பூஜ்யம் எழுதப்படும். வினாடிக்கு 15 எம்பி எழுதும் 64 ஜிபி கார்டுக்கு ஏறத்தாழ 70 நிமிடம் ஆகும். தேய்மானத்தைச் சமன் செய்ய கார்டு தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் இடங்களை இந்தப் பூஜ்யம் தொடாமல் போகலாம். அந்தரங்கப் படம் இருந்த கார்டு என்றால் விற்காதீர்கள், இரண்டாக உடைத்துவிடுங்கள். சில நூறு ரூபாய்க்காக யோசிக்க வேண்டாம்.

'அழித்த படத்தை மீட்டுத் தருகிறோம்' என்று ப்ளே ஸ்டோரில் கிடைக்கும் ஆப்களைப் போட்டுச் சோதித்துப் பார்க்கத் தோன்றும். அவற்றில் பல, போனில் தங்கியிருக்கும் சிறு தம்ப்நெயில்களையும் ட்ராஷில் உள்ளதையும் காட்டிவிட்டு 'மீட்டோம்' என்கின்றன. அதற்காக உங்கள் எல்லா ஃபைல்களுக்கும் அனுமதி கேட்கும். ஒளிந்திருக்கும் படத்தைத் தேடப் போய் எல்லாப் படத்தையும் முன்பின் தெரியாதவரிடம் கொடுத்தது போல ஆகும்.

ரீசெட் செய்ய முடியாமல் ரிப்பேருக்குக் கொடுக்கும் போன் தனி வகை. ஸ்கிரீன் மாற்றவா என்று கேட்டுவிட்டு 'பேட்டர்ன் சொல்லுங்க' என்பார்கள். சாம்சங் போனில் 'மெயின்டனன்ஸ் மோடு', பிக்சலில் 'ரிப்பேர் மோடு' இருக்கிறது. ஆன் செய்தால் படம், மெசேஜ் எதுவும் தெரியாத ஒரு வெற்றுப் போன் போலத் திறக்கும், டச், கேமரா, ஸ்பீக்கரைச் சோதிக்க அது போதும். திரும்ப வாங்கியதும் உங்கள் பூட்டைப் போட்டு அணைத்துக்கொள்ளலாம். அந்த வசதி இல்லாத போன் என்றால், பூட்டைச் சொல்லாமல், வேலை முடியும்வரை பக்கத்தில் நின்று நீங்களே திறந்து காட்டுங்கள். மெமரி கார்டையும் சிம்மையும் கடைக்குப் போகும் முன்பே கழற்றிவிடுங்கள்.