ஈடு வைக்க முதல் கல்லூரியின் பெயரைப் பாரும், தம்பி

கிளிநொச்சி தர்மபுரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். உயர்தரம் கலைப்பிரிவில் நல்ல பெறுபேறு. கனடாவில் பட்டம் படிக்க ஆசை. டிஜிட்டல் மீடியா, கல்வியியல், பொருளியல் மூன்றில் எது நல்லது, செலவு எவ்வளவு, பகுதிநேர வேலை கிடைக்குமா, குளிரைத் தாங்கலாமா என்று வரிசையாகக் கேள்விகள். கடைசியில் ஒரு வரி: "ஏஜென்சி அண்ணை முதலில் ஒரு தனியார் கல்லூரியில் டிஜிட்டல் மீடியா டிப்ளோமாவுக்குப் போகச் சொல்கிறார். பிறகு விரும்பியதுக்கு மாறலாமாம். அப்பா வயலை ஈடு வைக்கப் பார்க்கிறார்."

குளிரை விடும் தம்பி. நல்ல ஜக்கெற்றும் சப்பாத்தும் இருந்தால் அது பழகிவிடும். எனக்கு நெஞ்சு திக்கென்றது அந்தக் கடைசி வரியில்தான்.

ஊரில் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம். இங்கே ஒன்ராறியோவில் கல்லூரி வேறு, பல்கலைக்கழகம் வேறு. கல்லூரியில் பெரும்பாலும் டிப்ளோமாதான். அரச கல்லூரிகள் சில துறைகளில் பட்டமும் கொடுக்கும், அவற்றில் எனக்குக் குறை இல்லை. நான் பயப்படுவது கடைத்தொகுதி மாடியில் இரண்டு அறையும் ஒரு பெயர்ப்பலகையும் வைத்திருக்கிற தனியார் கல்லூரிகளுக்கு. அப்படியானவற்றில் படித்தால் பெரும்பாலும் படிப்பு முடிய வேலை அனுமதி கிடையாது. அரச கல்லூரி டிப்ளோமாவுக்குக்கூட, 2024 நவம்பர் 1 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு, படிக்கிற துறை அரசாங்கத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். பல்கலைக்கழகப் பட்டத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. "பிறகு மாறலாம்" என்பதும் பழைய கதை. 2024 நவம்பரிலிருந்து கல்வி நிறுவனத்தை மாற்றுவதென்றால் புதிதாகப் படிப்பு அனுமதிக்கே விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளையைச் சேர்த்துவிட்டதற்குக் கல்லூரி கொடுக்கிற கொமிஷன் ஏஜென்சிக்குப் போய்விடும். வயலை மீட்கிற கவலை உம்முடைய அப்பாவுக்கு.

காசுக் கணக்கு இதுதான். படிப்புக் கட்டணத்தைத் தவிர, ஒரு வருடம் சீவிக்க 22,895 டொலர் இருப்பதாகக் காட்ட வேண்டும். வெளிநாட்டு மாணவருக்குப் பல்கலைக்கழகக் கட்டணம் வருடத்துக்கு 30,000 டொலருக்கு மேல், ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் 60,000ஐயும் தாண்டும். படிக்கிற காலத்தில் வாரம் 24 மணித்தியாலம்தான் வெளியே வேலை செய்யலாம். மணிக்கு 17.60 டொலர் என்று வைத்தாலும் வாரம் 422 டொலர், வரி கழிக்க முதல். அது வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரி. "வந்து உழைச்சுக் கட்டலாம்" என்று தொலைபேசியில் சொல்கிற ஆட்களை எனக்குப் பிடிக்காது. வாடகைக்கு எடுத்த காருக்குப் பக்கத்தில் நின்று படம் போடுகிறவர்களும் அவர்கள்தான், தங்கள் பேஸ்மெண்டில் நாலு பிள்ளைகளை அடைத்து, ரசீது இல்லாமல் வாடகை வாங்குகிறவர்களும் அவர்கள்தான்.

டிஜிட்டல் மீடியாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீடியோ வெட்டி ஒட்டுவது என்று நினைத்து வர வேண்டாம். யோர்க் பல்கலைக்கழகத்தில் அதைக் கலைப் பீடமும் பொறியியல் பீடமும் சேர்ந்து நடத்துகின்றன. நிரலாக்கமும் கணிதமும் உண்டு.

ஆசிரியராக வர விருப்பமென்றால் ஊரிலேயே நில்லும். இங்கே 2015 இலிருந்து ஆசிரியப் பயிற்சி நாலு தவணை. பெரும்பாலானவர்கள் ஒரு பட்டத்தை முடித்துவிட்டுத்தான் அதற்குப் போகிறார்கள். பிறகு ஒன்ராறியோ ஆசிரியர் கல்லூரியில் பதிய வேண்டும். பெயர்தான் கல்லூரி, ஆசிரியர்களுக்கு உரிமம் கொடுக்கிற சபை அது. உமக்கோ வவுனியாவில் தேசிய கல்வியியற் கல்லூரி பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கிறது.

பொருளியலைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. நான் உயர்தரம் எழுதியது 2009 ஆகஸ்டில், வவுனியா மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து. புத்தகம் கிடையாது. ஒரு பிள்ளை காப்பாற்றிக் கொண்டுவந்த நோட்ஸைத் தறப்பாளுக்குள் சுற்றி வைத்துப் பிரதி எடுத்துப் படித்தோம். ஓரமெல்லாம் சேறு காய்ந்து, கேள்வி வளையி எது, நிரம்பல் வளையி எது என்று தெரியாமல் மையெல்லாம் ஊறியிருக்கும். 2011 இல் கல்யாணம் கட்டி இங்கே வந்தேன். எண்பதுகளில் வந்து வீடு வாசலோடு இருந்த சொந்தக்காரர், "வன்னியிலிருந்து வந்த பிள்ளைக்கு யூனிவேர்சிற்றி என்னத்துக்கு, பாண் பக்டரியில் ஆள் எடுக்கிறாங்கள்" என்றார். பக்டரிக்கும் போனேன். இரவு வேலை முடிந்து அதே உடுப்போடு பெரியவர்களுக்கான பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்பு நுண்கணிதமும் படித்தேன். இங்கே பொருளியல் முழுக்க வகையீடும் சமன்பாடும். நாங்கள் தமிழில் வளையி கீறி விளக்கம் எழுதிய பொருளியல் முதல் மாதத்தோடு முடிந்துவிடும். கணிதத்தை விட்டுவந்த கலைப்பிரிவுப் பிள்ளைகள் இதில்தான் விழுகிறார்கள்.

ஆனால் ஊரில் கண்டது வீண்போகவில்லை. விலை மாறினால் வாங்குவதும் விற்பதும் எவ்வளவு மாறும் என்கிற நெகிழ்ச்சியைப் படிப்பித்த நாள் பேராசிரியர் உதாரணம் கேட்டார். நான் முரசுமோட்டைக் காலபோக நெல்லைச் சொன்னேன். மாசியில் எல்லாரும் ஒரே கிழமையில் வெட்டுவார்கள். காயவைக்கத் தளமில்லை, சேர்த்துவைக்கக் களஞ்சியமில்லை, கடன்காரன் வாசலில். ரோட்டில் லொறியோடு நிற்கிறவன் சொன்னதுதான் விலை, ஈர நெல்லுக்கு மூட்டைக்கு இத்தனை கிலோ கழிவு வேறு. வகுப்பில் எல்லாரும் அசையாமல் கேட்டார்கள். அந்த வருடம் அதையே கட்டுரையாக எழுதினேன்.

ஆகவே பொருளியல் என்றால் இன்றைக்கே கணிதத்தைத் தொடங்கும். அதற்கு முதல் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதைப் பாரும். வவுனியா வளாகம் 2021 இலிருந்து தனிப் பல்கலைக்கழகம். யாழ்ப்பாணமும் இருக்கிறது. கிளிநொச்சி பின்தங்கிய மாவட்டம் என்பதால் வழமையான மாவட்டப் பங்கோடு, அப்படியான மாவட்டங்களுக்கென்று ஒதுக்குகிற மேலதிக 5 வீத இடங்களிலும் உமக்கு வாய்ப்புண்டு. படிப்புக் கட்டணமே இல்லை. அங்கே முதல் பட்டத்தை எடுத்து, முதுமாணிக்கு உதவித்தொகையோடு வந்த வன்னிப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். கடனில்லாமல் நிம்மதியாக இருக்கிறார்கள்.

பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கப் பார்க்கிற இசட் புள்ளி உமக்கு எவ்வளவு என்று நீர் எழுதவில்லை. அதை எழுதும், பிறகு கதைப்போம்.